டெல்டாவில் ஒரு பழைய ஃபியட்: கொட்டகையிலிருந்து விற்பனை வரை

பழைய கார் வாங்கிச் சீர்செய்து விற்கிறேன் என்றதும் தம்பிகள் முதலில் கேட்பது, "ஃபெராரியா, லம்போர்கினியா அண்ணே?" இரண்டும் இல்லை, ஃபியட். ஆனால் அதுவும் இத்தாலிதான். 1969-இல் ஃபெராரி கம்பெனியின் பாதிப் பங்கை வாங்கியதே ஃபியட். அந்தக் கணக்கில் நம் ஊர் மிராசுதார் வீட்டு வாசலில் நின்ற கார், ஃபெராரிக்குச் சம்பந்தி முறை.

ஃபெராரியில் செல்லுபடியாகும் விதிகள் ஃபியட்டிலும் செல்லும். பணத்தில் மட்டும் சில சைபர்கள் குறையும். முதல் முறை இறங்குகிறவர்களுக்காக, நான் குடவாசல் பக்கம் வாங்கிய 1967 மாடல் டிலைட்டை வைத்தே சொல்கிறேன். அதில் நான் செய்த தப்புகளும் வரும்.

படி 1: எந்தக் கார், எங்கே தேடுவது

இத்தாலியின் ஃபியட் 1100-ஐ இங்கே தயாரித்தது பம்பாய் குர்லாவிலிருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். 1964-இல் டிலைட் வந்தது. எழுபதுகளில் பிரீமியர் பிரசிடென்ட் என்றும், பிறகு பத்மினி என்றும் பெயர் மாறியது. (நாட்டியப் பேரொளி பத்மினியின் பெயர்தான் என்று என் அப்பா கடைசிவரை நம்பினார். அது சித்தூர் ராணியின் பெயர்.) பெட்ரோல் வண்டிகளில் 1089 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும்.

முதல் வண்டி என்றால் எண்பதுகளின் பத்மினியை எடுங்கள். சாமான் கிடைக்கும், தப்புச் செய்தாலும் கை ரொம்பச் சுடாது. விலை ஏறுவது டிலைட்டுக்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும்தான்.

தேட வேண்டிய இடம் இன்டர்நெட் இல்லை. மூடிய ரைஸ் மில், பழைய டாக்டர் வீடு, அக்ரஹாரத்துக் கொல்லை. போகும் நேரமும் முக்கியம். இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் நாலைந்து வாரிசுகள், ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். பொங்கலுக்கு எல்லாரும் வந்திருக்கும்போது போனால் ஒரே உட்காரலில் பேச்சு முடியும். மற்ற நாளில் போனால் "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பதிலேயே ஒரு வருஷம் ஓடிவிடும்.

படி 2: காரைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

இதை மட்டும் மாற்றிச் செய்யாதீர்கள். வண்டியைப் பார்த்தால் மனசு விழுந்துவிடும், அப்புறம் ஆர்.சி. இல்லை என்றாலும் "பார்த்துக்கலாம்" என்று தோன்றும்.

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இந்தப் பென்சில் பிரிண்ட்டைத்தான் கேட்பார்கள். என் வண்டியில் ஒரு எண் 3-ஆ, 8-ஆ என்று கண்ணுக்குத் தெரியவில்லை, பென்சிலில் 8 என்று தெளிவாக விழுந்தது. எஞ்சின் எண் வேறாக இருந்தால், எப்போதோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் விலையைக் குறைத்துப் பேசுவதை விட எழுந்து வந்துவிடுவது நல்லது.

உரிமையாளர் காலமாகியிருந்தால், பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழும் படிவம் 31-ம் தேவை. உயிரோடு இருப்பவரிடம் வாங்கினால் படிவம் 29, 30. 1970-களின் கடன் பதிவு ஆர்.சி.யில் நீக்கப்படாமலே கிடந்தால், கடன் கொடுத்தவரிடமிருந்து படிவம் 35. புத்தக ஆர்.சி.யின் விவரம் கணினியில் ஏறியிருக்காது, அதை ஏற்ற இரண்டு மூன்று முறை அலைய வேண்டிவரும். பொறுமையாக அலையுங்கள்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம், அதன்பின் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. பசுமை வரி தனி. 50 வருஷம் தாண்டிய, மூல வடிவம் கெடாத வண்டிக்கு 2021-இல் வின்டேஜ் பதிவு என்று ஒரு விதி வந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சுவாமிமலைக்குப் போகும் ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

படி 3: துருவைத் தேடுங்கள்

ஃபியட்டுக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, பாடியேதான் சட்டகம். அதனால் கதவுக்குக் கீழே ஓடும் சைடு சில் அரித்துப்போனால் காரின் முதுகெலும்பு போன மாதிரி.

நம் பக்கத்து வண்டிகளுக்கு இரண்டு வகை வியாதி. உள்நாட்டு வண்டி கீழிருந்து அழுகும்: களிமண் தரை, வருஷத்தில் பாதி நாள் ஈரம், மேலே வைக்கோல் வேறு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டியை உப்புக் காற்று எல்லாப் பக்கமும் தின்றிருக்கும். 2018 கஜா புயலில் தண்ணீர் ஏறிய வண்டியா என்றும் கேளுங்கள். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தால் கேட்காமலே தெரியும்.

கையில் ஒரு காந்தம், ஒரு ஸ்குரூ டிரைவர், டார்ச். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிதான். மிதியடியைத் தூக்கி, காரின் தரைத் தகடான பிளாட்பாரத்தை ஸ்குரூ டிரைவரால் அழுத்துங்கள். என் டிலைட்டில் டிரைவர் பக்கம் அழுத்தியதும் ஸ்குரூ டிரைவர் கைப்பிடி வரை இறங்கியது. கீழே எட்டிப் பார்த்தால் கொட்டகைத் தரையில் சிதறிக் கிடந்த நெல் தெரிந்தது. வண்டியை விற்ற பெரியவர் பக்கத்திலேயே நின்று, "காத்தோட்டமா இருக்கும் தம்பி" என்றார். அந்த ஓட்டைக்காகவே 15 ஆயிரம் குறைத்துக் கொடுத்தார்.

படி 4: எஞ்சினை அவசரப்பட்டு எழுப்பாதீர்கள்

புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை. வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும், அந்த நிலையில் சுற்றினால் ரிங் உடையும். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். அப்புறம் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். சுற்றவில்லை என்றால் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும்.

டாங்கியில் இருக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும், முழுக்க வெளியேற்றுங்கள். இன்று பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். அதனால் பெட்ரோல் டியூப், பம்ப் டயாபிரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். இந்த வண்டிகள் தீப்பிடிக்க வெடித்த பெட்ரோல் டியூப் ஒன்றே போதும்.

இன்னொன்று: எஞ்சின் ஓடுவதற்கு முன் பிரேக் வேலையை முடியுங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் இறுகிப்போயிருக்கும். என் நண்பர் ஒருவர் எஞ்சின் ஓடிய சந்தோஷத்தில் வாசல் வரை ஓட்டி வந்தார். நின்றது துளசி மாடத்தில்.

எலி கடித்த வயரை ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்காமல் மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

படி 5: டிங்கரிங், பெயின்ட்

பெயின்ட்டுக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஐப்பசியில் பெயின்ட் கடையில் விட்டேன். வெளியே மழை. தின்னர் ஆவியாகும்போது தகட்டின் மேல்பரப்பு குளிரும், காற்றிலிருக்கும் ஈரம் அதில் பனி மாதிரி படியும். மறுநாள் போய்ப் பார்த்தால் கறுப்பு பெயின்ட் மோர் தெளித்த மாதிரி வெளுத்திருந்தது. சுரண்டி மறுபடி அடிக்க 35 ஆயிரம். கடைக்காரர் மழையைக் கைகாட்டினார். மழை யாருக்குப் பில் கொடுக்கும்?

டெல்டாவில் இந்த வேலைக்குத் தை முடிந்து சித்திரை வரைதான் நல்ல காலம். அப்போதும் பழைய பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகடு தெரிந்த அன்றே எபாக்சி பிரைமர் அடித்தாக வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மண் பூசிய மாதிரி துரு பூத்திருக்கும். அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். துருவின் மேலேயே பட்டி பூசினால் பட்டி தண்ணீரைக் குடித்து ஆறு மாதத்தில் கொப்புளம் போடும்.

கிடைக்காத சின்ன உலோகச் சாமான்களுக்குச் சென்னைக்கு அலைய வேண்டாம். குத்துவிளக்கு வார்க்கும் நாச்சியார்கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. உடைந்த டிக்கிக் கைப்பிடியை ஒட்டி மாதிரிக்குக் கொடுத்தேன். பித்தளையில் வார்த்து, அரம் போட்டுக் கொடுத்தார்கள், மேலே குரோம் பூசியதும் எது அசல் என்று எனக்கே தெரியவில்லை.

படி 6: விலை போடுவது

2015 பிப்ரவரியில் பாரிஸில் ஆர்ட்கூரியல் நிறுவனம் ஒரு ஏலம் நடத்தியது. பல வருஷம் கொட்டகையில் கிடந்த ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர், ஒருகாலத்தில் நடிகர் அலென் தெலோன் வைத்திருந்த வண்டி. கண்டெடுத்தபோது அதன் மேல் பழைய பத்திரிகைக் கட்டுகள் குவிந்திருந்தன. சீராக்காமல் அப்படியே ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கமிஷனோடு சேர்த்து 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது.

நான் செய்தது என்ன? டிலைட்டின் அசல் சீட் ரெக்சின் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு மினுக்கும் மெரூன் கவர் தைத்தேன். வாங்க வந்த மதுரைக்காரர் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பழைய சீட் எங்க சார்?" அந்தக் கேள்வியின் விலை 30 ஆயிரம். அசலாக இருக்கும் எதையும், கிழிந்திருந்தாலும், மூட்டை கட்டி வண்டியோடு கொடுங்கள்.

வெளிநாட்டு ஏலங்களில் இதற்குக் குறைந்தால் கொடுக்கமாட்டேன் என்று உரிமையாளர் ரகசியமாக ஒரு விலை சொல்லி வைப்பார். ஏலம் முடிந்த விலையின் மேல் வாங்குபவர் தனியாகக் கமிஷன் கட்டுவார். நமக்கு ஏல மேடை இல்லாவிட்டாலும் அந்த ரகசிய விலையை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளலாம். வாங்க வருகிறவர் காபி குடித்துவிட்டு நெகிழ்வாகப் பேசும்போது உதவும்.

என் கணக்கு இது. வாங்கியது 85 ஆயிரம். டிங்கரிங், பெயின்ட் 1,10,000 (தண்டம் 35 ஆயிரம் சேர்த்து). எஞ்சின் 48 ஆயிரம், பிரேக் 14 ஆயிரம், சீட், ரப்பர், கண்ணாடி 37 ஆயிரம், காகித வேலை 16 ஆயிரம், லாரி 6 ஆயிரம். ஆக 3,16,000. விற்றது 3,40,000. பதினான்கு மாத உழைப்புக்கு 24 ஆயிரம். சீட்டு போட்டிருந்தால்கூட இதைவிடக் கிடைத்திருக்கும்.

படி 7: விற்பது

வாங்கிய நாளிலிருந்து எடுத்த போட்டோக்களை, பிளாட்பாரத்து ஓட்டை உட்பட, பில்களோடு ஒரே ஃபைலில் போடுங்கள். பழைய கார் பிரியர்கள் ஓட்டையைப் பார்த்துப் பயப்படுவதில்லை, மறைத்த ஓட்டைக்குத்தான் பயம். சென்னையிலும் கோவையிலும் நடக்கும் பழைய கார் ராலிகளுக்கு ஒருமுறை போய்வந்தால் வாங்குகிறவர்கள் முகம் பழகும். கோவையில் ஜீ.டி. கார் மியூசியத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பணம் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயரோ, விபத்து வழக்கில் அவரைத்தான் தேடுவார்கள். படிவம் 29, 30-இல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, டெலிவரி நோட்டில் தேதியோடு நேரமும் எழுதி, வேறு ஆர்.டி.ஓ. எல்லைக்குப் போகும் வண்டி என்றால் தடையில்லாச் சான்றுக்கும் (படிவம் 28) விண்ணப்பியுங்கள். என் பெயர் மாறியதா என்று மதுரைக்காரரிடம் வாரத்துக்கு ஒரு போன். நாலாவது போனில், "அனுப்பிட்டேன், வாட்ஸ்அப் பாருங்க" என்றார். ஆர்.சி. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர் மாறியிருந்தது. கூடவே இன்னொரு போட்டோ: மெரூன் கவரைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பழைய நிறத்தில் ரெக்சின் தைக்கக் கொடுத்திருக்கிறார்.