தொடரில் நடந்ததும் நாம் நினைத்துக்கொண்டதும்: சின்னத்திரை இணைகளை எழுதுவோருக்கு

சின்னத்திரைத் தொடர்களின் இணைகளை வைத்து ரசிகர் கதை எழுத வருகிறவர்கள், பேனாவைத் தொடுவதற்கு முன்பே இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒளிபரப்பாகி எல்லோரும் பார்த்தது ஒன்று. அதைப் பார்த்தபின் நாம் மனத்துக்குள் முடிவுகட்டிக்கொண்டது மற்றொன்று. எஃப்எஃப் (ஃபேன் ஃபிக்‌ஷன், அதாவது ரசிகர் கதை) எழுதுகிறவர்கள் முன்னதைக் கேனான் என்கிறார்கள். பின்னது ஒருவருடைய தனிக் கணிப்பாக நின்றால் ஹெட்கேனான் என்றும், பலர் திரும்பத் திரும்ப எழுதியதால் தொடரிலேயே வந்ததாக நம்பப்படும் நிலைக்குப் போய்விட்டால் ஃபேனான் என்றும் சொல்கிறார்கள். மூன்றும் ஒரே கதைக்குள் இருக்கலாம். எது எந்த வகை என்பது எழுதுகிறவருக்கே தெரியாமல் கலந்துவிட்டால்தான், பாதிக் கதையில் வாசகர் "இவன் இப்படிப் பேசமாட்டானே" என்று புருவம் உயர்த்துகிறார். நான் கடைப்பிடிக்கும் விதி எளியது: என்ன நடந்தது என்பது தொடருக்குச் சொந்தம், ஏன் நடந்தது என்பதில் பெரும்பகுதி எழுதுகிறவருக்கு விடப்பட்ட இடம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தலபுராணம் ஒன்றே போதும். சுசீந்திரத்து ஈசனுக்கும் குமரி அன்னைக்கும் நள்ளிரவு முகூர்த்தத்தில் திருமணம் என்று நிச்சயமாகிறது. பாணாசுரனைக் கொல்ல ஒரு கன்னியால்தான் முடியும் என்பதால் நாரதர் சேவலாகக் கூவுகிறார். முகூர்த்தம் தப்பியதென்று எண்ணி மணமகன் வழுக்கம்பாறை என்ற ஊரோடு திரும்பிவிடுகிறார். சமைக்காமல் கிடந்த அரிசியும் மற்றவையும் கடற்கரை மணலாகின்றன. கன்னியாகவே நின்ற அன்னை அசுரனை வதைக்கிறாள். இதில் சேவல் கூவியது, மணமகன் திரும்பியது, மணம் நடக்காதது ஆகிய மூன்றும் அசைக்க முடியாதவை. ஆனால் அந்தக் கூவல் பொய்யென்று வழியிலேயே அவருக்குத் தோன்றியதா, தோன்றியும் திரும்பினாரா, காத்திருந்தவளின் கோபம் அசுரன்மேல் மட்டும்தான் பாய்ந்ததா என்ற கேள்விகளுக்கு நாம் கேட்டு வளர்ந்த கதை இடம் விட்டிருக்கிறது. ஒருவர் அந்த இடத்தில் நின்று எழுதினால் புராணத்தின் ஒரு நிகழ்ச்சியும் கெடாது. ஆயினும் கேட்பவர் அந்த இரவை வேறு விதமாக உணர்வார். மணத்தையே நடத்திவைத்து எழுதுகிறவர் வேறொரு வேலையைக் கையில் எடுக்கிறார். பாணாசுரனை இனி யார் கொல்வது என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

தொடர்களில் அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் ஓட்டையின் வடிவத்தில் வருகிறது. 2019இல் விஜய் டிவியில் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா'வை எடுத்துக்கொள்ளலாம். தான் தந்தையாக முடியாது என்று நம்பவைக்கப்பட்ட மருத்துவர் பாரதி, கருவுற்ற மனைவியைச் சந்தேகிக்கிறார். அவள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். ஒரு மரபணுப் பரிசோதனையில் தீர வேண்டிய வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. டாக்டருக்கே டெஸ்ட் எடுக்கத் தோன்றவில்லையா என்று ஊரே கேலி செய்தது. கேலி செய்வது பார்வையாளரின் உரிமை. எழுதுகிறவருக்கோ அதுவே வாசல். பரிசோதனை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது என்ற நிகழ்ச்சியை அப்படியே வைத்துக்கொண்டு, எந்த முடிவு வந்தாலும் தான் உடைந்துபோவோம் என்பது அந்த மனிதனுக்குத் தெரிந்திருந்தது என்று எழுதிப் பாருங்கள்: அவள் தவறியிருந்தால் வாழ்க்கை போயிற்று, தவறவில்லையென்றால் தான் செய்தது மன்னிக்க முடியாதது. இப்போது அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்துவிடுகிறது. திரைக்கதை டிஆர்பிக்காக இழுக்கப்பட்டது என்பதே உண்மைக் காரணமாக இருக்கலாம். அது தயாரிப்பின் காரணம். பாத்திரத்தின் காரணத்தைத் தருவது எஃப்எஃப் எழுதுகிறவரின் பொறுப்பு.

அடுத்தது, கேனான் எது என்று உறுதிசெய்யும் வேலை. நினைவை நம்ப வேண்டாம். எந்தக் காட்சியைச் சுற்றி எழுதப்போகிறீர்களோ அந்தப் பகுதியை ஜியோஹாட்ஸ்டாரிலோ வேறு செயலியிலோ மறுபடி பார்த்து, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்த வசனத்துக்குப் பின் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அந்த இடத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ப்ரோமோவில் வந்தது கேனான் ஆகாது. ப்ரோமோவில் கணவன் கழற்றச் சொன்ன தாலி, எபிசோடில் கனவுக் காட்சியாக முடிந்துபோவது நமக்குப் புதிதல்ல. ஒரு பாத்திரம் இன்னொன்றைப் பற்றிச் சொல்வதும் அப்படியே கேனான் ஆகிவிடாது: மாமியார் "அவளுக்குத் திமிர்" என்று சொன்னார் என்பதுதான் நடந்தது, அவளுக்குத் திமிர் உண்டா என்பது திறந்தே இருக்கிறது. இரண்டு தொடர்களை இணைத்து மகாசங்கமம் என்று ஒளிபரப்பும் வாரங்களில் பாத்திரங்கள் விருந்தினருக்கு வழிவிட்டு வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்வதால், அவற்றிலிருந்து குணத்தை வரையறுக்காமல் இருப்பது நல்லது. நடிகர்கள் பேட்டியில் சொல்வது சுவையான செய்தி, அதற்குமேல் மதிப்பில்லை.

ஐந்நூறு எபிசோடுக்கு மேல் ஓடும் கதையில் கேனான் தன்னையே மறுத்துக்கொள்வதும் உண்டு. முதல் ஆண்டில் யாருக்கும் தலைவணங்காதவள், டைம் லீப்புக்குப் (கதை சில ஆண்டுகளைத் தாண்டிக் குதிப்பதற்குப்) பின் எல்லாவற்றுக்கும் அழுகிறவளாக மாறியிருப்பாள். இரண்டையும் ஒட்டவைக்கப் பாடுபடுவதைவிட, எந்தக் காலத்துப் பாத்திரத்தை எழுதுகிறோம் என்று தேர்ந்துகொண்டு அதற்கு உண்மையாக இருப்பதே நல்ல வழி. ஒட்டவைத்தே ஆக வேண்டுமென்றால், லீப்பில் விடுபட்ட அந்த ஆண்டுகளை எழுதுங்கள். தொடர் நமக்கு வெறுமையாக விட்டுத்தரும் மிகப் பெரிய நிலம் அதுதான். ஏனோ மிகச் சிலரே அதில் கால் வைக்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று ரீமேக்கில் வருகிறது. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தமிழ்ச் சேனலும் மலையாளச் சேனலும் ஒரே மாலைப்பொழுதில் மாறிமாறி ஓடும். 2018 முதல் 2023 வரை வந்த 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரின் கதையை ஏசியாநெட் 2020இல் 'சாந்த்வனம்' என்று தொடங்கியது. அண்ணனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் தம்பிக்கு மனைவியாகும் சூழல் இரண்டிலும் உண்டு; இங்கே அவர்கள் கதிரும் முல்லையும், அங்கே சிவனும் அஞ்சலியும். மலையாள ரசிகர்கள் பின்னவரைச் சிவாஞ்சலி என்று ஒரே பெயராக்கிக் கொண்டாடினார்கள். இரண்டையும் பார்த்தவருக்குச் சிவனின் ஒரு பார்வை கதிரின் நினைவாகப் பதிந்திருக்கும்; எழுதும்போது தன்னையறியாமல் அஞ்சலி பேசியது முல்லையின் வாயில் வந்துவிழும். நிகழ்ச்சி ஒன்றானாலும் வசனமும் நடிப்பும் வேறாதலால் ஒவ்வொரு மொழித் தொடரும் தனிக் கேனான் என்றே கொள்ள வேண்டும். ஓர் இணையின் விளக்கத்தை மற்றதிலிருந்து எடுப்பது தவறல்ல. ஆனால் எடுத்தது உங்கள் ஹெட்கேனான் ஆகிறது, தொடரில் வந்ததாக அதைக் காட்டக் கூடாது.

இன்னொரு கசிவு நம் பேச்சிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் வருவது. தொடரின் குடும்பம் சிவகங்கைச் சீமையில் வாழ்கிறதென்றால், அந்த வீட்டுப் பெண் "எனக்க வீடு", "ஒனக்க அம்மை" என்று பேசமாட்டாள். சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைக்கமாட்டாள். ஜூன் மாதம் ஒரு வாரம் விடாமல் பெய்யும் சாரலில் அவர்கள் இருவரும் ஒரே குடைக்குள் நிற்கவும் மாட்டார்கள், ஏனெனில் நமக்குக் கிடைக்கும் தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கத்துக்கு அப்படிக் கிடைப்பதில்லை. இவை சிறியவைதான், ஆனால் இணையைவிட அவர்களைச் சுற்றியிருக்கும் வீட்டை நேசிக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஊரிலேயே எழுத வேண்டுமென்ற ஆசை நியாயமானது. அதற்கு ஏயூ (ஆல்டர்நேட் யுனிவர்ஸ், அதே பாத்திரங்களை வேறு ஊரிலோ வேறு சூழலிலோ வைத்து எழுதுவது) என்ற வழி இருக்கிறது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' குடும்பத்தின் மளிகைக் கடையை மாற்றிக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடையாக்கலாம், விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவனாக நாயகனை ஆக்கலாம், "மக்களே" என்று அழைக்கும் அம்மையைக் கொடுக்கலாம். அப்போது தொழிலும் ஊரும் பேச்சும் உங்களுடையவை. அண்ணனுக்குப் பார்த்த பெண்ணை மணந்த தம்பியின் கூச்சம் மட்டும் கேனானிலிருந்து குறையாமல் வந்துசேர வேண்டும். அது விடுபட்டால் கதை நன்றாகவே இருக்கலாம், ஆனால் அந்த இணையின் பெயரைச் சூட்ட வேண்டிய தேவை இருக்காது.

குணத்தைக் காத்துக்கொண்டே உறவை நகர்த்துவது எப்படி என்பதற்கு ஒரு கற்பனை இணையைப் பார்ப்போம். கணவன் மனைவியிடம் நேரே பேசுவதில்லை. எதுவானாலும் தங்கையிடம், "அவகிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்புவான். ரசிகர் கதைகளில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், மூன்றாம் அத்தியாயத்தில் அவன் மழையில் நின்று ஒரு பக்க நீளத்துக்குக் காதலைப் பொழிவான். ஆசைப்பட்டதை எழுதியாயிற்று, ஆள் மட்டும் மாறிவிட்டான். அதே ஆளை வைத்து இப்படியும் எழுதலாம்: மேகம் கறுக்கிறது. கூடத்துக்கு வந்தவன் வழக்கம்போல, "மாடியில துணி கிடக்குன்னு அவகிட்ட சொல்லு" என்கிறான். தங்கை காலையிலேயே தோழி வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அடுக்களையில் கரண்டிச் சத்தம் நிற்கிறது. "சொல்லிட்டேன்" என்று உள்ளிருந்து அவள் குரல் வருகிறது. அவன் இன்னும் அவளிடம் நேரே பேசவில்லை. கேனானில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஆனால் இருவருக்கும் இடையே ஏதோ ஒன்று தொடங்கிவிட்டது.

நிகழ்ச்சியையே மாற்ற விரும்பினால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அந்த மாற்றத்தின் விளைவுகளைக் கடைசிவரை துரத்துங்கள். பாரதி முதல் மாதத்திலேயே பரிசோதனை செய்துகொண்டார் என்று தொடங்கினால், கண்ணம்மா தனித்து நின்று கற்றுக்கொண்ட வைராக்கியம் அவளுக்கு வாய்த்திருக்காது. அந்த வைராக்கியத்தையும் வைத்துக்கொண்டு சேர்ந்த வாழ்க்கையையும் கொடுப்பது கணக்கில் உதைக்கும். பிடித்தவற்றை எல்லாம் வைத்துக்கொண்டு பிடிக்காததை மட்டும் கழிக்கும் கதைகள் இரண்டாம் அத்தியாயத்திலேயே மூச்சுவாங்குவதற்கு இதுவே காரணம்.

நடிகர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முல்லையாகத் தொடரின் ஓட்டத்தில் மூவர் நடித்தார்கள். மனத்தில் எந்த முகம் இருந்தாலும் எழுதப்படுவது முல்லைதான். 2011இல் தொடங்கிய 'சரவணன் மீனாட்சி'யின் முதல் இணையாக நடித்த செந்திலும் ஸ்ரீஜாவும் பின்னர் உண்மையிலேயே மணந்துகொண்டார்கள், அதே தலைப்பில் பிற்பாடு வேறு இணைகளும் வந்தன. நடித்தவர்களின் இல்வாழ்க்கையிலிருந்து பாத்திரத்துக்குச் செய்தி எடுப்பதும், பாத்திரத்தின் சண்டையை அவர்கள் வீட்டில் தேடுவதும் கூடாது. முன்னது கதைக்குக் கேடு, பின்னது மனிதர்களுக்கு.

கதையை வெளியிடும்போது மேலே மூன்று வரியில் ஒரு முன்குறிப்பு கொடுங்கள்: எந்த எபிசோடு வரை கேனானை ஏற்கிறீர்கள், எந்த இடத்தில் விலகுகிறீர்கள், ஏயூ என்றால் ஊரும் காலமும் எவை. ஓடிக்கொண்டிருக்கும் தொடராக இருந்தால் இது இரட்டிப்பு அவசியம். நீங்கள் பத்தாம் அத்தியாயம் எழுதும் வாரத்தில் தொடர் அதே இணையைப் பிரித்துவிடக்கூடும். கதையை அதற்கேற்ப வளைக்க வேண்டியதில்லை. முன்குறிப்பில் தேதியோடு எபிசோடு எண் இருந்தால், அதற்குப் பின் ஒளிபரப்பாவது எதுவும் உங்கள் கதையைப் பொய்யாக்காது, இரவு ஒன்பது மணிக்கு என்ன நடந்தாலும் நீங்கள் பதினொன்றாம் அத்தியாயத்தைத் திட்டமிட்டபடியே எழுதலாம்.