போன் பார்த்துப் பார்த்து பிடரி நோகுதா? இப்பிடிச் செய்து பாருங்கோ

பின்னேரமானா பிடரி இறுகி, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில உளைஞ்சு, சில நாள் தலையிடியும் சேர்ந்து வருதெண்டால் முதல்ல கவனிக்க வேண்டியது போன் எந்த உயரத்தில நிக்குது எண்டுதான், பாம் பூசுறதெல்லாம் அதுக்குப் பிறகு. பெரிய ஆக்களின்ர தலை கிட்டத்தட்ட 5 கிலோ. நிமிர்ந்து இருக்கேக்க அந்தப் பாரம் முள்ளந்தண்டு வழியா இறங்கும், குனியக் குனிய பிடரித் தசைதான் இழுத்துப் பிடிக்க வேணும். 2014ல நியூயோர்க்கில கென்னத் ஹன்ஸ்ராஜ் எண்ட சத்திரசிகிச்சை நிபுணர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர், 60 பாகை குனிஞ்சா கழுத்துக்கு 27 கிலோ அளவு பாரமாம். கொம்பியூட்டர் மொடலில போட்ட கணக்குத்தான், எண்டாலும் ஏன் நோகுது எண்டு விளங்கும்.

கொழும்பில வெள்ளவத்தையில 100ஆம் நம்பர் பஸ் ஏறி புறக்கோட்டை மட்டும் போறவை, சீட் கிடைச்சா பேக்கை மடியில நிமிர்த்தி வச்சு ரெண்டு முழங்கையையும் அதில ஊண்டுங்கோ. போன் தானா நெஞ்சுக்கு மேல வந்திரும், மிச்சத்துக்குக் கண்ணை மட்டும் தாழ்த்தினாக் காணும். நிண்டுகொண்டு போறதெண்டா ஒரு கை கம்பியில, மற்றக் கையில போன், டிரைவர் பிரேக் அடிக்க அடிக்க தோள் காது வரைக்கும் ஏறி இறுகும், அந்த நேரம் போன் பொக்கட்டுக்குள்ளயே இருக்கட்டும். எழுத்தையும் பெரிசாக்கி விடுங்கோ, எழுத்துச் சின்னனா இருந்தா முகம் தன்ர பாட்டுக்கு முன்னுக்குப் போகும்.

ராவில ரெண்டு தலகாணியை அடுக்கி நாடி நெஞ்சில முட்டப் படுத்துக்கொண்டு பார்க்கிறதுதான் மிச்சம் மோசம். எழும்பி சுவரில முதுகைச் சாய்ச்சு, ஒரு தலகாணியை மடியில வச்சு கையை அதில விடுங்கோ.

இனி பயிற்சி. கதிரையில நிமிர்ந்திருந்து நேரா பாருங்கோ, நாடியைக் கீழ கொண்டுபோகாம அப்பிடியே பின்னுக்கு இழுங்கோ, ரெட்டை நாடி விழும், வெட்கப்படாதேங்கோ, அதுதான் சரி. 5 செக்கன் பிடிச்சு விட்டு 10 தரம். அடுத்தது, வலது கையைத் தொடைக்குக் கீழ வச்சு அதுக்கு மேல இருந்துகொண்டு, மூக்கை இடது கமக்கட்டுப் பக்கம் திருப்பிக் குனிஞ்சு 20 செக்கன், பிறகு மற்றப் பக்கம். இழுக்கிற மாதிரி இருக்கலாம், குத்தினா விட்டிருங்கோ. எப்பிடி நல்லா இருந்தாலும் ஒரே இருப்பில அரை மணித்தியாலத்துக்கு மேல இருக்காதேங்கோ, எழும்பி ஒரு பிளேன்டீ ஊத்திக்கொண்டு வாங்கோ. நோ கூடினா துவாயைச் சுடுதண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு 15 நிமிஷம் போடலாம், தோல் பொறுக்கிற சூட்டில.

சலூனில முடி வெட்டி முடிய தலையைப் பிடிச்சு டக்கெண்டு முறிப்பினம், தயவுசெய்து விடாதேங்கோ. கழுத்து வழியா மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழியிற அபாயம் இருக்கு, அரிதுதான், ஆனா வந்தா பாரிசவாதம் வரைக்கும் போகும்.

கை விறைச்சா, விரல் கூசினா, சாமான் கைநழுவி விழுந்தா, படுத்தாலும் நோ குறையாட்டி, காய்ச்சலோட கழுத்தை மடக்க ஏலாட்டி வீட்டு வைத்தியத்தோட இருக்காதேங்கோ, டொக்டரிட்டப் போங்கோ. தோள் நோவோட நெஞ்சு இறுகி வேர்த்துக் கொட்டினா அது போனால வந்ததெண்டு நினைக்காம உடன 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.