பிஎஃப்சென்ஸில் விலேன்: அலுவலகம், விருந்தினர் வைஃபை, கேமரா மூன்றையும் பிரிப்பது

பில்லிங் கணினி, வாடிக்கையாளரின் கைபேசி, சுவரில் மாட்டிய கேமரா எல்லாம் ஒரே ஸ்விட்ச்சில் கிடந்தால், ஒன்றில் வைரஸ் புகுந்தாலும் மற்றவை எல்லாம் அதன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். தனித்தனி ஸ்விட்ச் வாங்காமலே இவற்றைப் பிரிக்க விலேன் (VLAN, ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனித்தனி வலையமைப்புகள்) உதவுகிறது. அதை பிஎஃப்சென்ஸ் (pfSense) என்ற ஃபயர்வால் மென்பொருளில் அமைப்பதை இங்கே பார்ப்போம். விலேனுக்கான 802.1கியூ தரப்படி, வலையில் போகும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் (தரவுப் பொதியிலும்) 4 பைட் டேக் (அடையாளச் சீட்டு) ஒன்று சேரும். அதில் 12 பிட் விலேன் எண்ணுக்கு. 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 1 முதல் 4094 வரை நமக்குக் கிடைக்கும்.

விலேன் போட்டதுமே பாதுகாப்பு வந்துவிடாது. விலேன் சுவர் எழுப்பும், அவ்வளவுதான். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதை ஃபயர்வால் விதிகள்தான் சொல்லும்.

முதலில் காகிதத்தில்

விலேன் எண்ணையே ஐபி முகவரியின் மூன்றாவது எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் குழப்பம் வராது. (/24 என்றால் முதல் மூன்று எண்கள் பொது, கடைசி எண் மட்டும் கருவிக்குக் கருவி மாறும்.)

விலேன் 10, அலுவலகம்: 192.168.10.0/24
விலேன் 20, விருந்தினர்: 192.168.20.0/24
விலேன் 30, கேமரா: 192.168.30.0/24

பிஎஃப்சென்ஸின் இயல்பான லேன், அதாவது உள்வலை (192.168.1.0/24), நிர்வாகத்துக்கு மட்டும் இருக்கட்டும். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரும் 192.168.1 வரிசையிலேயே முகவரி தருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வான் (WAN, ஃபயர்வாலின் இணையப் பக்கம்), லேன் இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் எதுவுமே ஓடாது. லேனை வேறு வரிசைக்கு மாற்றியாக வேண்டும்.

8 போர்ட் ஸ்மார்ட் ஸ்விட்ச் ஒன்று போதும். நிர்வாக வசதி இல்லாத சாதாரண ஸ்விட்ச் இந்த வேலைக்கு ஆகாது. டேக் உள்ள ஃப்ரேமை அது அப்படியே கடத்திவிடலாம், ஆனால் பிரித்து வைக்காது.

ஃபயர்வாலில்

தொடங்கும் முன் டயக்னாஸ்டிக்ஸ் → பேக்கப் அண்ட் ரீஸ்டோர் போய் அமைப்பை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்ஃபேசஸ் → அசைன்மென்ட்ஸ் → விலேன்ஸ் பக்கத்தில் ஆட் அழுத்தி, பேரன்ட் இன்டர்ஃபேஸாக லேன் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, டேக் 10 என்று கொடுங்கள். 20, 30க்கும் இதே வேலை. பிறகு அசைன்மென்ட்ஸ் பக்கத்துக்குத் திரும்பி மூன்றையும் சேர்த்தால் ஆப்ட்1, ஆப்ட்2, ஆப்ட்3 என்று வரும். ஒவ்வொன்றையும் திறந்து எனேபிள் டிக் செய்து, பெயர் மாற்றி, ஸ்டாட்டிக் ஐபிவி4 தேர்ந்து 192.168.10.1 என்பதுபோல முகவரி கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் பெட்டி இயல்பாக /32 என்று நிற்கும். அதை /24 ஆக்க மறந்தால், விலேனில் அந்த ஒரே முகவரிதான் இருப்பதாக ஃபயர்வால் நினைத்துக்கொள்ளும். டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி தரும் சேவை) பக்கமும் ஒத்துழைக்காது.

டிஹெச்சிபி சர்வரை மூன்றிலும் இயக்கி .50 முதல் .250 வரை ஒதுக்குங்கள். பிரிண்டர், என்விஆர் (கேமரா பதிவுகளைச் சேமிக்கும் கருவி) போன்றவற்றுக்கு .50க்குக் கீழே நிலையான முகவரி.

ஸ்விட்ச்சில்

பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம் இதுதான். போர்ட் பங்கீடு இப்படி:

போர்ட் 1, ஃபயர்வாலுக்கு: விலேன் 1 டேக் இல்லாமல், 10, 20, 30 டேக்குடன்
போர்ட் 2, வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுக்கு: விலேன் 1 டேக் இல்லாமல், 10, 20 டேக்குடன்
போர்ட் 3, 4, 5, கணினிகளுக்கு: விலேன் 10 டேக் இல்லாமல்
போர்ட் 6, 7, கேமரா, என்விஆருக்கு: விலேன் 30 டேக் இல்லாமல்
போர்ட் 8: தொடாதீர்கள்

போர்ட் 8 உங்கள் உயிர்க்கயிறு. மற்ற எல்லாம் குழம்பிப்போனாலும் மடிக்கணினியை அதில் செருகி உள்ளே போகலாம்.

டிபி-லிங்க் போன்ற மலிவு ஸ்விட்ச்களில் பிவிஐடி தனிப் பக்கத்தில் இருக்கும். போர்ட்டிலிருந்து வெளியே போகும் ஃப்ரேமுக்கு டேக் உண்டா இல்லையா என்பதை உறுப்பினர் பட்டியல் முடிவு செய்கிறது. டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃப்ரேம் எந்த விலேனில் சேர வேண்டும் என்பதை பிவிஐடி முடிவு செய்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்: போர்ட் 3, 4, 5க்கு பிவிஐடி 10, போர்ட் 6, 7க்கு 30, மற்றவற்றுக்கு 1. அதோடு 3 முதல் 7 வரையான போர்ட்களை விலேன் 1 பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

கடைசியில் சேவ் கான்ஃபிக் என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் அழுத்துங்கள். இல்லையென்றால் மின்சாரம் போய் வரும்போது எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஆக்சஸ் பாயின்ட்டில் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் விலேன் எண் கொடுக்க இடம் இருக்கும். அலுவலகப் பெயருக்கு 10, விருந்தினர் பெயருக்கு 20.

விதிகள்

புதிதாகச் சேர்த்த இன்டர்ஃபேஸில் விதியே இருக்காது. விதி இல்லையென்றால் எல்லாம் தடை. டிஹெச்சிபிக்கு மட்டும் உள்ளுக்குள் தானாக அனுமதி உண்டு, அதனால் ஐபி கிடைக்கும், இணையம் கிடைக்காது. இதைக் கோளாறு என்று நினைத்து ஸ்விட்ச்சைக் கலைத்துவிடாதீர்கள்.

ஃபயர்வால் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்துவதே தீர்ப்பு. போக்குவரத்து எந்த இன்டர்ஃபேஸில் நுழைகிறதோ அங்கேதான் விதி எழுத வேண்டும். பதில் பாக்கெட்டுக்குத் தனி விதி வேண்டாம்.

10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றையும் சேர்த்து 'உள்முகவரிகள்' என்ற பொருளில் ஒரு அலயஸ் (பல முகவரிகளுக்கு ஒரே பெயர்) உருவாக்கிக்கொள்ளுங்கள். விருந்தினர் விலேனில் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. அனுமதி: விருந்தினர் இன்டர்ஃபேஸ் முகவரியின் போர்ட் எண் 53 (இணையப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவை; ஸ்விட்ச் போர்ட் அல்ல), டிசிபி மற்றும் யுடிபி
2. தடை: 'திஸ் ஃபயர்வால்', எல்லா புரோட்டோகாலும்
3. தடை: உள்முகவரிகள் அலயஸ், எல்லா புரோட்டோகாலும்
4. அனுமதி: எங்கும்

இரண்டாவது எதற்கு என்று கேட்கலாம். வான் பக்கம் பொது ஐபி இருந்தால் அது அலயஸில் அடங்காது. விருந்தினர் அந்த முகவரியை உலாவியில் தட்டினால் ஃபயர்வாலின் லாகின் பக்கம் திறந்துவிடும். மூன்றாவது விதி இணைய நிறுவனத்தின் ரவுட்டர் பக்கத்தையும் மூடிவிடுகிறது. அந்த ரவுட்டர் வழியாக வெளியே போகும் இணையத்துக்கு அதனால் பாதிப்பில்லை, ஏனென்றால் விதி பார்ப்பது சேருமிடத்தைத்தான், வழியை அல்ல.

புதிய விதியில் புரோட்டோகால் இயல்பாக டிசிபி என்று நிற்கும். நான்காவதில் அதை 'எனி' ஆக்க மறந்தால் பக்கங்கள் திறக்கும், பிங் போகாது, வீடியோ அழைப்பு தடுமாறும்.

கேமராக்களுக்கு இணையமே வேண்டாம். ஆனால் நேரம் தவறினால் பதிவு சாட்சிக்கு உதவாது. எனவே கேமரா இன்டர்ஃபேஸ் முகவரியின் யுடிபி 123 மட்டும் அனுமதித்து, கேமராவின் என்டிபி (சரியான நேரம் தரும்) சர்வராக 192.168.30.1 கொடுங்கள். கைபேசி ஆப்பில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், கேமரா விலேனிலும் உள்முகவரித் தடையைப் போட்டு, அதற்குக் கீழே என்விஆரின் ஒரே ஐபிக்கு மட்டும் வெளியே போக அனுமதி. அலுவலகத்திலிருந்து என்விஆரைப் பார்க்கும் அனுமதி அலுவலக விலேனில்தான் எழுதப்பட வேண்டும்.

ஓடவில்லை என்றால்

169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் டிஹெச்சிபி பதில் சேரவில்லை. டயக்னாஸ்டிக்ஸ் → பாக்கெட் கேப்சர் போய் அந்த விலேனில் போர்ட் 67ஐக் கவனியுங்கள். கோரிக்கையே வரவில்லையென்றால் பிழை ஸ்விட்ச்சில்: பிவிஐடி அல்லது போர்ட் 1 டேக். அலுவலகக் கணினிக்கு 192.168.1 வரிசை முகவரி வந்தால், பிவிஐடி இன்னும் 1லேயே இருக்கிறது, விலேன் 1 பட்டியலிலிருந்தும் அந்தப் போர்ட்டை நீக்கவில்லை.

ஐபி சரி, இணையம் மட்டும் இல்லையென்றால் விதிகளுக்குப் பிறகு அவுட்பவுண்ட் என்ஏடி (NAT, உள்முகவரியை வெளியே போகும்போது வான் முகவரியாக மாற்றும் அமைப்பு) பக்கத்தைப் பாருங்கள். தானியங்கி முறையில் இருந்தால் புதிய வரிசைகள் தாமாகச் சேரும். மேனுவலுக்கு மாற்றியிருந்தால் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

தடை போட்ட பிறகும் பழைய தொடர்பு ஓடிக்கொண்டிருந்தால் விதியில் தவறில்லை. ஏற்கெனவே திறந்த தொடர்பு ஸ்டேட் பட்டியலில் உயிரோடு இருக்கிறது. டயக்னாஸ்டிக்ஸ் → ஸ்டேட்ஸில் அதை நீக்கினால் தடை உடனே பிடிக்கும்.