சோலார் டெக்னீஷியன் ஆக: எங்கே சேர்வது, எதைக் கையால் கற்பது

சோலார் வேலையில் முக்கால் பங்கு எலக்ட்ரீஷியன் வேலைதான். மீதிக் கால் பங்கில் பாதி உயரத்தில் ஏறி நிற்பது, பாதி பேனல் தரும் டி.சி. (ஒரே திசையில் ஓடும்) மின்சாரத்துக்குப் பயப்படத் தெரிவது. எந்தப் படிப்பில் சேருவது என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யுங்கள்.

பத்தாவது முடித்து, வயதும் நேரமும் இருந்தால் அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட எலக்ட்ரீஷியன் பிரிவில் சேருங்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு வட சென்னை, அம்பத்தூர் ஐ.டி.ஐ.கள் எட்டும் தூரம். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ‘சோலார் டெக்னீஷியன்’ என்று ஒரு வருடப் பிரிவும் இருக்கிறது. ஆனால் சோலார் வேலை மந்தமாகும் மாதத்தில் வீட்டு வயரிங், மோட்டார் பார்த்துப் பிழைக்க எலக்ட்ரீஷியன் சான்றிதழே கைகொடுக்கும். அது கையில் வந்த பிறகு மத்திய அரசின் ‘சூர்யமித்ரா’ மாதிரி மூன்று மாத சோலார் பயிற்சி போதும். சமுதாயக் கல்லூரிகளின் ஒரு வருட டிப்ளமோ, படிப்பை நடுவில் விட்டவர்களுக்கு நல்ல வழி. அதில் சேர்வதானால் இன்டர்ன்ஷிப் எந்த நிறுவனத்தில், எத்தனை வாரம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

சேர்வதற்கு முன் ஒருமுறை நேரில் போய், ஸ்மார்ட் கிளாஸைப் பார்க்காமல் மாடிக்கு ஏறிப் பாருங்கள். ஈபி லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனலின் டி.சி.யை வீட்டு ஏ.சி.யாக மாற்றுவது) இருக்கிறதா? மாணவர்கள் கழற்றி மாட்ட ஆறு பேனலாவது உண்டா? எர்த் டெஸ்டர், மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்), டபுள் லேன்யார்டு ஹார்னெஸ் (இரட்டைக் கயிறுள்ள பாதுகாப்புப் பட்டை) இருக்கிறதா? ஒவ்வொரு மாணவரும் எத்தனை எம்.சி.4 கனெக்டரை (பேனல் கேபிள்களை இணைக்கும் முனை) கிரிம்ப் செய்வார்கள், அதாவது கேபிளில் அழுத்திப் பொருத்துவார்கள் என்று கேளுங்கள். ‘செய்து காட்டுவோம்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கிரிம்பிங்

சைட்டில் கருகிப்போகும் கனெக்டர்களுக்குப் பெரும்பாலும் காரணம் கை அவசரம். 4 சதுர மி.மீ. சோலார் கேபிளில் 6 முதல் 7 மி.மீ. வரை மட்டும் இன்சுலேஷனை உரிக்க வேண்டும். ஸ்ட்ரிப்பரால் உரியுங்கள், பிளேடு வேண்டாம். பிளேடு நான்கு இழையையாவது அறுத்துவிடும். கனெக்டரின் உலோகப் பின்னுக்குள் இழை முழுக்கப் போனதா என்று பார்த்து, டூலில் 4 என்று போட்ட பல்லில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. கையால் பலமாக இழுத்துப் பார்த்த பிறகு, பின்னைக் கனெக்டர் கூட்டுக்குள் ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை தள்ளி, பின்பக்க நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள். நட்டு தளர்ந்திருந்தால் மழையில் ஈரம் புகுந்து, மறுநாள் காலை இன்வெர்ட்டர் ‘ஐசோலேஷன் ஃபால்ட்’ (மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது) என்று காட்டும். பத்து மணிக்கு வெயிலில் காய்ந்து அதுவே சரியாகிவிடும். ‘காலையில் மட்டும் ஓடலைங்க’ என்று வீட்டுக்காரர் சொன்னால் முதலில் கனெக்டர்களையும், கேபிள் எங்காவது உரசிப்போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு கம்பெனியின் ஆண் கனெக்டரையும் வேறு கம்பெனியின் பெண் கனெக்டரையும் கோக்காதீர்கள். பொருந்தின மாதிரி தெரியும், உள்ளே சூடாகும்.

297 வோல்ட் கணக்கு

இந்தக் கணக்கு பழகிவிட்டால் பாதிக் கோளாறைத் தரையில் நின்றே சொல்லிவிடலாம். 540 வாட் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (எதிலும் இணைக்காதபோது காட்டுவது) சுமார் 49.5. ஆறு பேனலை வரிசையாகக் கோத்தால் 297 வோல்ட். ஆனால் இது பேனல் சூடு 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதைய கணக்கு. மே மாத மதியத்தில் பேனல் 65 டிகிரிக்கு ஏறிவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.27 சதவீதம் குறையும் என்று வைத்தால் மீட்டரில் 265 தான் வரும். புதிதாக வந்தவர் ஒரு பேனல் போச்சு என்று நினைப்பார். உண்மையில் ஒரு பேனல் போயிருந்தால் அந்தச் சூட்டில் 221 காட்டும். 250 காட்டினால் ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இல்லை. அந்தப் பங்குக்கான பைபாஸ் டையோடு (நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்சாரத்தை விடும் பாகம்) ஷார்ட் ஆகியிருக்கலாம். மைனஸ் குறி வந்தால் போலாரிட்டி (பிளஸ், மைனஸ்) மாறிக் கிடக்கிறது, இன்வெர்ட்டரில் செருகவே கூடாது.

நம்ம ஊர் மாடி

டெல்லியை வைத்து எழுதிய பாடம், தெற்கே மறைப்பு இல்லாவிட்டால் போதும் என்று சொல்லும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால் வடக்கே நிற்கும் தண்ணீர் டேங்க்கூட நிழல் போடும். சர்வேயில் நான்கு பக்கமும் பாருங்கள், டிசம்பர் நிழலுக்குத் தனியாக இடம் விடுங்கள். வண்ணாரப்பேட்டையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்புவாரா என்பதையும் விசாரித்து வையுங்கள். இது எந்தப் பாடத்திலும் இல்லை.

ராயபுரம், சவுக்கார்பேட்டைப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும்: மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும். அதில் ஆங்கர் போல்ட்டுக்குத் துளை போட்டால் ஓட்டைதான் மிஞ்சும். ஒரு பேனல் 28 கிலோ. ஸ்ட்ரக்சர், கான்கிரீட் பெடஸ்டல் எடையும் சேரும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சரி என்று சொல்லாமல் கைவைக்க வேண்டாம்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. ஸ்ட்ரக்சர் இரும்பின் ஹாட் டிப் கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) 80 மைக்ரான் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாடியில் கிரைண்டர் வைத்து அறுத்தால் அந்த வெட்டு வாயில் துத்தநாகம் இருக்காது. உடனே ஜிங்க் பெயின்ட் அடிக்காவிட்டால் முதல் மழையிலேயே துரு பிடிக்கும். கடலோரத்தில் போல்ட் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 வேண்டாம், 316 போடுங்கள். பேனலுக்கு ஐ.இ.சி. 61701 உப்புப்பனிச் சோதனைச் சான்று இருக்கட்டும். புயலுக்கு, ஐ.எஸ். 875 தரப்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. 2016 வர்தா புயலைப் பார்த்த ஊரில் இந்த எண்ணைக் குறைத்துப் போடும் டிசைனை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சாம்பல், கரித்தூசி படியும் இடங்களில் அடிக்கடி கழுவ வேண்டும், அதுவும் விடிகாலையில். சூடான கண்ணாடியில் மதியம் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கலாம். உப்பு போர் தண்ணீர் வெள்ளைப் படலம் விட்டுப் போகும்; மெட்ரோ தண்ணீர் நல்லது.

எர்த்தும் பாதுகாப்பும்

டி.சி., ஏ.சி., இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த். ஒவ்வொன்றும் 5 ஓமுக்குக் கீழ் வர வேண்டும். உப்பு மண்ணில் ரீடிங் அழகாக வரும், ஆனால் மண்ணில் இறக்கிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடை அதே உப்பு சீக்கிரம் தின்றுவிடும். வருடம் ஒருமுறை அளக்கவும்.

வெயில் இருக்கும்வரை பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது. வேலை முடியும்வரை தார்ப்பாய் மூடலாம். கழற்றும்போது முதலில் ஏ.சி. எம்.சி.பி. (ஓவர்லோடில் தானே விழும் ஸ்விட்ச்), பிறகு டி.சி. ஐசோலேட்டர் (டி.சி. பக்கத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இரண்டையும் ஆஃப் செய்து, பிறகு கிளாம்ப் மீட்டரில் கரன்ட் பூஜ்யமா என்று பார்த்த பின்பே எம்.சி.4. ஓடும்போது பிடுங்கினால் வரும் தீப்பொறி ஏ.சி. மாதிரி அணையாது, ஏனென்றால் டி.சி. ஒருபோதும் பூஜ்யத்தைக் கடப்பதில்லை. இதே காரணத்தால்தான் டி.சி. பக்கம் ஏ.சி. எம்.சி.பி. போடக் கூடாது.

காகித வேலை

இதை வெறுப்பவர்கள் அதிகம், அதனாலேயே தெரிந்தவருக்கு மதிப்பு. 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் என்ற மத்திய அரசின் வீட்டு மாடி சோலார் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இந்தியாவிலேயே செய்த செல் உள்ள டி.சி.ஆர். பேனலுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். ‘கரன்ட் போனால் சோலாரும் நிற்குமா?’ என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். நிற்கும், லைனில் வேலை செய்யும் ஈபிக்காரரைக் காப்பாற்றவே ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் அணைகிறது. பேட்டரி விற்பதற்காக மழுப்ப வேண்டாம்.

சொந்தக் காசில் முதலில் வாங்க வேண்டியது டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர். மலிவானவை பல ஏ.சி. மட்டுமே அளக்கும், கடையில் பார்த்து வாங்குங்கள். அடுத்தது ராட்செட் கிரிம்பிங் டூல் (முழுதாக அழுத்தினால்தான் விடும் வகை). ஹார்னெஸ் கம்பெனி தர வேண்டும். தராத அன்றைக்கு மாடி ஓரத்துக்குப் போக வேண்டாம்.