சதுக்கப் பூதத்தின் முன் ஒரு சிறுமி: தொன்மத்திலிருந்து சிறார் சாகசக் கதை எழுதும் முறை

பழந்தொன்மங்களிலிருந்து 8 முதல் 12 வயது வரையுள்ள சிறார்க்குச் சாகசக் கதை எழுத முற்படுவோர், பெரும்பாலும் வாளையும் அரக்கனையும் பறக்கும் குதிரையையும் தேடிக்கொண்டுதான் எழுத உட்காருகிறார்கள். அவற்றுக்கு முன்னதாகத் தேட வேண்டியது ஒரு விதி. நம் காப்பியங்களில் வரும் அற்புதங்கள் வரம்பில்லாதவை அல்ல. மணிமேகலையில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி ஆண்டுக்கு ஒரு நாள், வைகாசி விசாகத்தன்று மட்டுமே மேலே வருகிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கனியும் நாவற்பழத்தைச் செருக்கோடு மிதித்துச் சிதைத்த காயசண்டிகை, 12 ஆண்டுகள் தீராப் பசியோடு அலைகிறாள். இப்படிப்பட்ட கறாரான விதியொன்று கிடைத்துவிட்டால், அதனோடு ஒரு குழந்தை மோதும் இடத்தில் கதை தானாகவே பிறந்துவிடும்.

விதியைக் கண்டெடுக்க, சுருக்கங்களை விட்டுவிட்டு, உரையின் துணையோடு மூலத்தையே படிக்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதையில் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்கள் வருகின்றன. வெள்ளிடை மன்றத்தில் பண்டப் பொதிகள் காவலின்றிக் கிடக்கும். திருட வந்தவன் அந்தப் பொதியையே கழுத்துக் கடுக்கச் சுமந்து சுற்ற வேண்டியதுதான். இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் நீராடினால் கூனும் ஊமையும் செவிடும் நீங்கும். மூன்றாம் மன்றத்தில் ஒளிவிடும் நெடுங்கல் ஒன்று நஞ்சுண்டவர்களின் துயரைத் தீர்க்கும். நாற்சந்தியான சதுக்கத்தில் வாழும் பூதம், பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் பாசக்கயிற்றால் பிணித்து அடித்து உண்பதாக, நான்கு காதம் கேட்கும் குரலில் அறிவிக்கும். பாவை மன்றத்துப் பாவையோ, அரசனின் செங்கோல் வளைந்தாலும் அறங்கூறும் அவை ஒருபக்கம் சாய்ந்தாலும், வாய் திறவாமல் கண்ணீர் மட்டும் உகுக்கும். ஒரே ஊருக்குள் ஐந்து அற்புதங்கள், ஐந்துக்கும் தனித்தனி விதிகள்! ஒவ்வொன்றையும் பற்றி, அது என்ன செய்யும், எப்போது செய்யும், எதை ஒருபோதும் செய்யாது என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்றாவது கேள்விக்கான விடையே கதைக்கு அதிகம் பயன்படும்.

அந்த விடையைச் சதுக்கப் பூதம் அடைக்கலக் காதையில் தருகிறது. வறியவன் ஒருவன், கற்புடைய பெண் ஒருத்தியைப் பற்றி, தான் அறியாத ஒன்றுக்கு அவள் கணவனிடம் பொய்ச்சாட்சி சொல்லிப் பூதத்தின் கயிற்றில் சிக்கிக்கொள்கிறான். அவனுடைய தாயின் அலறலைக் கேட்ட கோவலன் பாசத்துக்குள் நுழைந்து, தன் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடுமாறு வேண்டுகிறான். பூதம் மறுத்துவிடுகிறது, கெட்டவன் உயிருக்கு ஈடாக நல்லுயிரைக் கொள்ளும் வழக்கம் அதனிடம் இல்லை. தாயின் கண்ணெதிரே மகனை அது உண்டுவிட, கோவலன் அந்தக் குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் பொருள் கொடுத்துக் காப்பாற்றுகிறான்.

காப்பியம் அந்த வீட்டைக் கடந்து போய்விடுகிறது. நீங்கள் நிற்க வேண்டிய இடம் அந்த வீட்டு வாசல். பெரிய பாத்திரங்களுக்குப் புதிய சாகசங்களை ஒட்ட முயன்றால் மூலத்தோடு ஓயாமல் மல்லுக்கட்ட நேரும். காப்பியம் திரும்பிப் பார்க்காத வீடுகளில் அந்தத் தொல்லை இல்லை. அந்த வீட்டில் பாட்டியோடு வாழும் 10 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பனை செய்து, செம்பி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஊருக்கு அவள் பொய்யன் மகள். கிணற்றில் தண்ணீர் இல்லை என்று சொன்னால்கூட ஒருவர் எட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள். அப்படிப்பட்டவள் ஓர் இரவு பாவையின் கன்னத்தில் கண்ணீர் வழிவதைக் காண்கிறாள். விடிவதற்குள் கடற்காற்றில் ஈரம் உலர்ந்துவிடுகிறது. ஊரில் எங்கோ நீதி தவறியிருக்கிறது. அதை அறிந்தவளோ, எவரும் நம்பாத ஒருத்தி. அவள் சொல் மெய் என்று நிறுவ வல்ல இடம் நகரத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய தந்தையைத் தின்ற இடம்.

இங்கே நான் புதிதாக எந்த மாயத்தையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மூலத்தில் அருகருகே இருக்கும் இரண்டு விதிகளை ஒரு குழந்தையின் வாழ்க்கையில் சந்திக்க வைத்தேன், அவ்வளவுதான். அவசரத்துக்கு ஒரு மந்திர மோதிரத்தைக் கொண்டுவரும் எழுத்தாளரைச் சிறுவர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள். இந்தக் கதையின் வரைவைச் சில குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் கையை உயர்த்தி, "அக்கா, அவ தெரியாம தப்பா சொல்லிட்டா, அதுவும் பொய்யா? அப்பவும் பூதம் பிடிக்குமா?" என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. வீட்டுக்கு வந்து அடைக்கலக் காதையை மறுபடி படித்தபோதுதான், அந்த வறியவன் சொன்னது 'அறியாக் கரி' என்று இளங்கோவடிகள் குறித்திருப்பது கண்ணில் பட்டது. அறியாததற்குச் சாட்சி சொன்னதே அவன் குற்றம். என் கதையின் உச்சக்காட்சி அந்த ஒரு சொல்லிலிருந்து கிடைத்தது: செம்பி கண்ணீரைக் கண்டாள், யார் குற்றவாளி என்பதை ஊகிக்க மட்டுமே செய்தாள். சதுக்கத்தில் நிற்கும்போது, கண்டதை மட்டும் சொல்லி, ஊகத்தை நாக்கிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். கூட்டமோ பெயரைச் சொல், பெயரைச் சொல் என்று கத்துகிறது.

கதைக்களத்தைக் குழந்தையின் கண்மட்டத்திலிருந்து காட்டுங்கள். மாடமாளிகை கூடகோபுரம் என்று தொடங்கும் வருணனையை எந்தக் குழந்தையும் தாவிவிடும். பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு: காயும் தானியத்தைக் கொத்த வரும் கோழியின்மேல் ஒரு பெண் தன் காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள், தரையில் கிடக்கும் அந்தக் கனமான குழை, சிறுவர்கள் குதிரையின்றி உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. நகரத்தின் செல்வச் செழிப்பை, தேர் தடைப்பட்ட சிறுவனின் எரிச்சலாகவே காட்டிவிடலாம். துறைமுகத்தையும் அவ்வாறே மிளகு மூட்டையின் நெடியாலும், பொதிகளில் பொறிக்கும் புலி முத்திரையாலும், கலங்கரை விளக்கின் வெளிச்சத்தாலும் எழுப்பலாம். நாவாய், திமில், பொதி போன்ற பழஞ்சொற்களை அடிக்குறிப்பு இல்லாமல் விட்டுவிடுங்கள். செம்பி திமிலில் ஏறி அது ஆடினால், திமில் என்னவென்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். ஆனால் பொருளைச் சுட்டாமல் அலங்காரத்துக்காக மட்டும் வரும் செய்யுட்சொற்களை அடித்துவிடுவதே நல்லது.

நாயகக் குழந்தையின் கையில் ஆயுதம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மணிமேகலையில் வரும் சாதுவன் கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையை அடைந்து, அயர்ந்து மரத்தடியில் உறங்கிவிடுகிறான். தின்பதற்காக நாகர்கள் அவனை எழுப்புகிறார்கள். அவன் அவர்களுடைய மொழியிலேயே பேச, அவர்கள் திகைத்துத் தலைவனிடம் அழைத்துச் செல்கிறார்கள். கள் காய்ச்சும் பானையும், முடை நாற்றமும், உலரும் எலும்புகளும் நிறைந்த இடத்தில் கரடியும் அதன் பெண்ணும் போலத் தலைவன் மனைவியோடு அமர்ந்திருக்கிறான். சாதுவன் அவனோடு வாதாடி, இனி உடைந்த கலத்திலிருந்து ஒதுங்குவோரைக் கொல்வதில்லை என்ற வாக்கையும் பெற்றுவிடுகிறான். அச்சம், நாற்றம், வியப்பு, தப்பித்தல் எல்லாம் இதில் இருக்கின்றன; ஒரு வாள்கூட உருவப்படவில்லை.

எழுதி முடித்த ஒவ்வோர் அத்தியாயத்தையும் உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தைப் பிரித்துவிடுங்கள். உறங்கப்போகும் முன் ஒரே அமர்வில் படித்து முடிக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். மூலத்தில் உள்ள சமயச் சூழலை, குறிப்பாக மணிமேகலையின் பௌத்தத்தை, நீக்கிவிடாதீர்கள். புத்தரின் பீடிகை இல்லாவிட்டால் மணிபல்லவத் தீவு வெறும் மணல்மேடு. தொன்மத்தைத் தொன்மமாகவே கொடுங்கள், வரலாறு என்று பின்னட்டையில் அச்சிட வேண்டாம்.

இறுதி அத்தியாயத்தில் தெய்வம் இறங்கி வந்து தீர்ப்புச் சொல்லும் ஆசையை விலக்குவது கடினம். நானே இரண்டு முறை அப்படி எழுதி, இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். மூன்றாம் வரைவில் செம்பி சதுக்கத்தின் நடுவே நின்று, பாவையின் இடக்கண்ணில் தொடங்கி முகவாய் வரை இறங்கிய ஈரக்கோட்டைத் தான் கண்டபடியே சொல்கிறாள். சொல்லி முடித்து வாயை மூடிக்கொள்கிறாள். நான்கு காதம் கேட்கும் அந்தக் குரலுக்காக ஊரே காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. தொலைவில் அலை கரையை உரசும் ஓசை மட்டும் வருகிறது. கூட்டத்தில் முதலில் காதிலிருந்து கையை எடுப்பவள் அவளுடைய பாட்டி.