சிப் விற்பனைக் கணிப்பு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

புதியவர்கள் போடும் விற்பனைக் கணிப்புகளைச் சரிபார்ப்பது இப்போது என் வேலை. பல நேரம் என் பழைய தாளையே யாரோ தூசி தட்டி நீட்டியது போல இருக்கிறது. கூட்டல் பிழை, நாணயப் பிழை எல்லாம் எப்படியும் மாட்டிக்கொள்ளும்; அவற்றை விடுகிறேன்.

பட்டியல் விலையை நம்புவது

இன்டெல் பட்டியலில் போடும் விலை ஆயிரம் சிப் வாங்குபவருக்கானது. பெரிய கணினி நிறுவனங்கள் பேரம் பேசித் தள்ளுபடியில் வாங்குகின்றன. 2009-இல் ஐரோப்பிய ஆணையம் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்ட வழக்கே பெரும்பாலும் இந்தத் தள்ளுபடிகளைப் பற்றியதுதான். அதில் பெரும்பகுதி பின்னர் நீதிமன்றத்தில் ரத்தானது வேறு கதை.

அனுப்பியதை விற்றதாக எண்ணுவது

இதை இன்றும் பார்த்தால் எரிச்சல் வருகிறது. நானே செய்து அவமானப்பட்டதால் இருக்கலாம். ஒரு நிறுவனம் இரண்டு காலாண்டுகள் அமோகமாகச் சரக்கு அனுப்பியது. நானும் கணிப்பை மேலே ஏற்றிவிட்டேன். சரக்கு விநியோகஸ்தர்களின் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தது. போட்டியாளர் விலையைக் குறைத்தார், இவர்களும் குறைத்தார்கள். விலை குறைந்தால் கிடங்கில் இருக்கும் பழைய சரக்குக்கும் தயாரிப்பாளர் வித்தியாசத்தைத் தர வேண்டும் என்று ஒப்பந்தம். புது ஆர்டரும் நின்றது, பழைய வருமானமும் கரைந்தது. என் தாளில் இரண்டுமே இல்லை.

கணக்கு எளிது. 100 அனுப்பினார்கள், கிடங்கு இருப்பு 30-லிருந்து 50 ஆனது என்றால் விற்றது 80 தான்.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். 2022 அக்டோபரில் இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி, 670 கோடி டாலர் வரும் என்று சொல்லியிருந்த காலாண்டில் சுமார் 560 கோடிதான் வரும் என்று அறிவித்தது. கணினிச் சந்தை சரிந்தது ஒரு காரணம். தேங்கிய சரக்கைக் குறைக்க வாங்குபவர்கள் ஆர்டரை வெட்டியது இன்னொன்று. அப்புறம் சில மாதங்களில் ஏஎம்டியின் தலைமைச் செயல் அதிகாரி லிசா சூவே, சந்தையில் விற்பதைவிடக் குறைவாகத்தான் அனுப்புகிறோம் என்றார். இதைப் பார்த்து "விலைப் போரில் தோற்றுவிட்டார்கள்" என்று எழுதுகிறவரிடம் நான் கேட்பது ஒன்றே: கிடங்கில் எவ்வளவு இருந்தது?

விலை குறைந்தால் வருமானம் கூடும் என்பது

20 சதவீதம் குறைத்தால், பழைய வருமானத்தைத் தொடவே 25 சதவீதம் அதிகம் விற்க வேண்டும்.

எண்ணிக்கைப் பங்கும் பணப் பங்கும்

சந்தையில் விற்ற சிப்களில் ஒரு நிறுவனத்தின் பங்கும், அந்த விற்பனைப் பணத்தில் அதன் பங்கும் வேறு வேறு. கலக்காதீர்கள்.

நாட்காட்டி

சிப் நிறுவனமான என்விடியாவின் நிதியாண்டு ஜனவரிக் கடைசியில் முடிகிறது. அதன் காலாண்டை நாட்காட்டிக் காலாண்டாக எண்ணாதீர்கள்.