எச்சிலும் மயில்துத்தமும்: உலோக அயனிகள் நொதியை என்ன செய்கின்றன?

இந்தச் சோதனைக்கு நொதியை, அதாவது வேதிவினைகளை விரைவாக்கும் புரதத்தை, தேடி எங்கும் போக வேண்டாம். உங்கள் எச்சிலிலேயே அமைலேஸ் இருக்கிறது, மாவுச்சத்தை உடைக்கும் நொதி.

முதலில் கரைசல்கள். 1 கிராம் சோள மாவை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்புகளே முடிவைக் கெடுத்துவிடும். உப்பு (சோடியம் குளோரைடு), சோடியம் சல்பேட், மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மூன்றிலும் 1% கரைசல் தயாரியுங்கள். மயில்துத்தம் நஞ்சு, வாயில் படக் கூடாது.

வாயை நன்றாகக் கொப்பளித்து, 1 மி.லி. எச்சிலை 19 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கலக்குங்கள். அமைலேஸின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். பின்னால் வரும் அயோடின் சோதனையில் நீலம் ஒரே நிமிடத்தில் மறைந்தால் இன்னும் நீர் சேருங்கள்.

நான்கு சோதனைக்குழாய்களில் 5 மி.லி. மாவுக்கரைசல் ஊற்றுங்கள். முதலாவதில் வெறும் நீர், அடுத்தவற்றில் உப்பு, சோடியம் சல்பேட், மயில்துத்தம், எல்லாம் 1 மி.லி. 37 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் வைத்த பிறகு, ஒவ்வொன்றிலும் 1 மி.லி. எச்சில் கரைசல்.

இனி நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து, வெள்ளை ஓட்டில் வைத்த அயோடின் சொட்டோடு சேருங்கள். மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும். மாவுச்சத்து உடைய உடைய அந்தக் கருநீலம் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் அயோடினின் மஞ்சள் மட்டும் நிற்கும். அந்த நிமிடத்தைக் குறியுங்கள்.

உப்புக் குழாய் முந்தும். நீரும் சோடியம் சல்பேட்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். மயில்துத்தக் குழாயில் கருநீலம் அசையாது.

பலர் சோடியம் சல்பேட் குழாயை வீண் என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், சோதனையின் உயிரே அதுதான். சோடியமும் சல்பேட்டும் சும்மா இருப்பதை அது காட்டுகிறது. அப்படியென்றால் வேகம் கூட்டியது குளோரைடு, முடக்கியது செம்பு. குளோரைடு உலோகம் அல்லதான், ஆனால் அமைலேஸுக்கு அது வேண்டும்.

சரி, செம்பு எப்படி முடக்குகிறது? செம்பு அயனி (மின்னூட்டம் கொண்ட செம்பு அணு), புரதத்தின் ஹிஸ்டிடின், சிஸ்டீன் போன்ற அமினோ அமிலங்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில் நொதியின் வடிவம் குலைந்தால் மாவுச்சத்து அதில் பொருந்தாது.

எல்லா உலோகமும் பகை அல்ல. அமைலேஸ் மூலக்கூறின் இரண்டு பகுதிகளுக்கு இடையே ஒரு கால்சியம் அயனி ஆணிபோல் இறுகியிருக்கிறது. நொதியோடு சேர்ந்தே வருவதால் நாம் கால்சியம் சேர்க்கவில்லை. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சேர்த்து அதை உருவினால் கட்டமைப்பு தளர்ந்து நொதி செயலிழக்கும்.

அப்புறம், மயில்துத்தத்தை 0.1%, 0.01% என்று குறைத்துக்கொண்டே போய் மீண்டும் செய்யுங்கள். எந்த அளவில் கருநீலம் மறையத் தொடங்குகிறது என்று பாருங்கள்.